மாடிவீட்டு டீச்சர்

ஜனவரி 12

அன்புள்ள குட்டிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் படி ஏறும்போது ஒன்று சொல்கிறது, இறங்கும்போது அதையே திருப்பிச் சொல்கிறது. உன் இருமல் விட்டதா? நாள் முழுக்க ஆய்வகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் ரத்தத்தைச் சோதிக்கிறவள், உன் நெஞ்சை ஒருநாள் ஒரு டாக்டரிடம் காட்டக் கூடாதா?

இங்கே ஒரு செய்தி. சம்பந்தியம்மா நாவல் எழுதிவிட்டார். ஆமாம், மாப்பிள்ளையின் அம்மாதான். கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடிக்கிற அச்சகத்தை, கணவர் போனபிறகு தனி ஆளாய் நடத்தி மகன் கையில் கொடுத்தவர். சும்மா இருக்கத் தெரியாதவர். எழுதிவிட்டார். காதல் கதை. நேற்று சாயங்காலம் என் அறைக்கே வந்து கையெழுத்துப் பிரதிக் கட்டை என் மடியில் வைத்தார்.

"டீச்சர், நீங்கதான் முதல்ல படிக்கணும். வேற யார் படிச்சு என்ன பிரயோஜனம்? படிச்சுட்டு ரெண்டு வார்த்தை எழுதிக் கொடுங்க."

என் அறையை நீ பார்த்ததில்லை. மாடியில் காகிதம் அடுக்கி வைக்கிற அறையில் பாதியைத் தடுத்து எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். வசதிதான். கீழே மெஷின் ஓடும்போது கட்டில் லேசாக நடுங்கும். தொட்டில் என்று நினைத்துக்கொண்டால் தூக்கம் வந்துவிடுகிறது.

அவர் இறங்கிப் போனதும் என் மகள் வந்து கதவைச் சாத்தினாள். "அம்மா, நல்லா இருந்தாலும் இல்லாட்டியும் நல்லா இருக்குன்னே சொல்லிடு. நீ வந்த பிறகுதான் இந்த வீட்ல நான் மூச்சு விடறேன்." அதுவும் உண்மை. முன்பெல்லாம் மாமியாருக்கு ஏச மருமகள் ஒருத்திதான் இருந்தாள். இப்போது பேச நான் இருக்கிறேன்.

இருமலுக்கு மருந்து வாங்கிக்கொள்.

உன் அக்கா

ஜனவரி 25

அக்கா,

இருமல் போய்விட்டது. கோபம்தான் இருக்கிறது. ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிவிட்டு "கொஞ்ச நாள் மகளோடு" என்று போனாய். கொஞ்ச நாள் எப்போது முடியும்?

சரி, நல்ல செய்தியைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலைப் பள்ளி நடக்கிறது. அதன் தலைமையாசிரியை ரத்தம் கொடுக்க வந்தார். ஊசி குத்தும்போதே உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஜூனில் ஒரு மொழி ஆசிரியை வேண்டுமாம். "உங்க அக்கா வருவாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். என் வீட்டின் பின்னறையைக் காலி பண்ணி வைத்திருக்கிறேன். வெளிச்சம் குறைவு, ஆனால் முழு அறை. பாதி அறை இல்லை. எதுவும் நடுங்காது.

நாவல் எப்படி? காதல் கதை உனக்கு எங்கே ஒத்துக்கொள்ளும்? துப்பறியும் கதையைத் தவிர வேறு எதையும் நீ கடைசிப் பக்கம் வரை படித்து நான் பார்த்ததில்லை. ஒரு கொலையாவது உண்டா?

குட்டி

பிப்ரவரி 10

அன்புள்ள குட்டிக்கு,

இங்கு அனைவரும் சௌக்கியம். உன் பின்னறையை நினைத்துக்கொண்டே தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன்.

கொலை இல்லை. கடைசி வரை காத்திருந்தேன். கால்நடை டாக்டர் ஊசியோடு இருட்டில் வருகிற இடத்தில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. மாட்டுக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

கதை இதுதான். பெரிய நகரத்துப் பெண், இறந்துபோன அத்தையின் தையற்கடையை விற்க ஒரு சிறிய ஊருக்கு வருகிறாள். கால்நடை டாக்டருக்குக் கன்னத்தில் குழி. மழை பெய்கிறது. ஊரில் எல்லாரும் நல்லவர்கள். அவள் எங்கே போனாலும் அவள் சாப்பிட்டாளா என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கடையை விற்காமல் அங்கேயே இருந்துவிடுகிறாள். கதாசிரியருக்கு இதெல்லாம் ஆனந்தம். எனக்கு அந்தப் பெண் ஊருக்குள் நுழைந்ததிலிருந்தே, யாராவது இவளை வெளியே விடுங்களேன் என்று இருந்தது.

இன்னொன்று. தையற்கடைக்கு மேலே ஒரு ரிட்டையர்டு டீச்சர் குடியிருக்கிறாள். மகள் வீட்டு மாடி. எல்லாருக்கும் புத்தி சொல்வாள், எல்லாரும் கேட்பார்கள், சாயங்காலமானால் ஜன்னலில் நின்று சிரிப்பாள். அவளுக்கு வேறு வேலை இல்லை. பெயர்கூட இல்லை, மாடிவீட்டு டீச்சர் என்றுதான் வருகிறது.

என் வழக்கம் உனக்குத் தெரியும். எவ்வளவு மோசமான கட்டுரையானாலும் முதலில் பாராட்டு, அப்புறம்தான் திருத்தம். பையனின் முகம் மலர்ந்த பிறகு சொல்வதுதான் அவன் காதில் ஏறும். ஒரு தடவை ஒருவன் "மழை" பற்றி எழுதச் சொன்னால் குடை பற்றி எழுதிக்கொண்டு வந்தான். குடையை எவ்வளவு நன்றாகப் பார்த்திருக்கிறாய் என்றேன். பிறகுதான் மழையைக் கேட்டேன். அதே முறையில் சம்பந்தியம்மாவுக்கும் இரண்டு பக்கம் எழுதினேன். முதல் பக்கம் முழுக்கப் பாராட்டு. நடை தெளிவு, தையல் மெஷினின் சத்தத்தை எழுதிய விதம் அருமை (நிஜமாகவே அருமை, மெஷின் பக்கத்தில் வாழ்ந்தவர் அல்லவா), படித்து முடித்தால் இந்த ஊரை விட்டுப் போக யாருக்குத்தான் மனசு வரும் என்று. இரண்டாம் பக்கத்தில்தான் விஷயம். இதில் யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை, யாரும் எங்கும் போவதில்லை, அதனால் கதை நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று பதமாக எழுதியிருக்கிறேன். நாளைக்குக் கொடுக்கப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 21

அக்கா,

நலம். நாவல் விமர்சனம் பிரமாதம். ஜூன் பற்றி அவர்களிடம் சொன்னாயா, இல்லையா? உன் கடிதத்தை மூன்று முறை புரட்டிப் பார்த்தேன். கால்நடை டாக்டரின் கன்னக்குழி வரை இருக்கிறது, அது மட்டும் இல்லை. தலைமையாசிரியை மே மாதத்துக்குள் பதில் வேண்டும் என்கிறார்.

குட்டி

மார்ச் 19

அன்புள்ள குட்டிக்கு,

உன் நலம் அறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வெளியீட்டு விழா வேலை.

புத்தகம் வந்துவிட்டது. சொந்த அச்சகம் அல்லவா, மை காயுமுன் அட்டை போட்டுவிட்டார்கள். திறந்து பார்த்தேன். முதலில் "அணிந்துரை" என்று கொட்டை எழுத்தில் என் முதல் பக்கம். ஒரு எழுத்துப் பிழை இல்லை. திருப்பினேன். நேரே முதல் அத்தியாயம். இரண்டாம் பக்கம் எங்கும் இல்லை.

"சம்பந்தியம்மா, நான் ரெண்டு பக்கம் கொடுத்தேனே?"

"இடம் இல்ல டீச்சர். பக்கக் கணக்கு இடிச்சுது. நல்லதா பார்த்துப் போட்டேன்."

பின்னட்டையில் பெரிய எழுத்தில் ஒரு வரி: "இந்த ஊரை விட்டுப் போக யாருக்குத்தான் மனசு வரும்?" கீழே என் பெயரும் "ஓய்வுபெற்ற ஆசிரியை" என்றும்.

விழாவில் மருந்துக் கடைக்காரர் பேசினார். முன் வரிசையிலிருந்த என்னைக் காட்டி, "மாடிவீட்டு டீச்சர் கதையில மட்டும் இல்ல, இதோ நேர்ல உட்கார்ந்திருக்காங்க, எழுந்திரிங்க டீச்சர்" என்றார். எழுந்தேன். கைதட்டினார்கள். சிரிக்கத்தான் வேண்டியிருந்தது. சம்பந்தியம்மா அன்றைக்கு இளம்பெண் போல இருந்தார். வீட்டுக்கு வந்து மருமகளைக் கூப்பிட்டு, "நீயும் பக்கத்துல வந்து சாப்பிடு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது முதல் தடவையாம். என் மகள் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்தது.

அந்த மேசையில் உட்கார்ந்து ஜூன் என்று எப்படி ஆரம்பிப்பேன், சொல்?

வெயில் தொடங்கிவிட்டது. தண்ணீர் நிறையக் குடி.

உன் அக்கா

மார்ச் 30

அக்கா,

ஆரம்பிக்க ஒரே வழிதான். "நான் போகிறேன்" என்று ஆரம்பிக்க வேண்டும்.

நீ அந்த அம்மாவைக் குறை சொல்கிறாய். எனக்கு எழுதுவதும் அப்படித்தானே? தொட்டில் போல நடுங்குகிறது, வசதிதான், அனைவரும் சௌக்கியம். உன் கடிதங்கள் எல்லாம் முதல் பக்கத்தோடு முடிந்துவிடுகின்றன. இரண்டாம் பக்கத்தை நானே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மே மாதத்துக்குள் சொல். இங்கே உன்னைப் பார்த்தால் "டீச்சர் வந்துட்டாங்க"ன்னு பயப்படுகிற முப்பது வயது மாணவர்கள் காத்திருக்கிறார்கள். லாரி ஓட்டுகிறவர் ஒருவர், அழகு நிலையத்தில் வேலை செய்கிற பெண் ஒருத்தி. யாருக்கும் கன்னத்தில் குழி இல்லை, விசாரித்துவிட்டேன்.

குட்டி

மே 8

அன்புள்ள குட்டிக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நான் முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதே. நடந்ததைச் சொல்கிறேன்.

சென்ற வாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், உன் ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்டேன். கேட்டதுதான். டைம் கீப்பர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன டீச்சர், நீங்களா போறீங்க? புத்தகத்துல அப்படிச் சொன்னீங்க?"

"சும்மா கேட்டேன்."

"அதானே! எங்க வீட்டம்மா பின்னட்டையைக் கிழிச்சு அலமாரியில ஒட்டி வச்சிருக்கா. பக்கத்து ஊருக்குப் பொண்ணைக் கட்டிக் கொடுக்கலாமான்னு யோசிச்சிட்டிருந்தோம், உங்க வரியைப் படிச்சுட்டு இங்கேயே பார்க்கிறோம்."

யாரோ ஒரு பெண்ணின் கல்யாணத்தை நான் நிறுத்தி வைத்திருக்கிறேன், குட்டி.

திரும்பி வரும் வழியில் மருந்துக் கடைக்காரர், "முழங்கால் தைலம் வந்திருக்கு டீச்சர், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தீங்களாமே" என்றார். வீட்டு வாசலில் சம்பந்தியம்மா. "எங்கேயாவது போகணும்னா சொல்லுங்க டீச்சர், மகனை வண்டி எடுக்கச் சொல்றேன். தனியா எதுக்கு அலையறீங்க?" அன்பாகத்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் ஒரு வார்த்தை பதிலுக்குச் சொல்லியிருப்பேன்.

முன்பு என் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு நாடகத்தில் மரம் வேஷம் கொடுத்தேன். திரை விழுந்த பிறகும் கை இரண்டையும் விரித்தபடி மேடையிலேயே நின்றாள். "இறங்கு" என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. என்னிடம் யார் சொல்வார்கள்?

இரண்டாம் பதிப்பு அடிக்கிறார்கள். அந்தச் சந்தடி முடியட்டும், கட்டாயம் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியையிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

உன் அக்கா

ஜூலை 3

அக்கா,

இடைப்பட்ட நாட்களில் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். அதனால்தான் தாமதம்.

அந்த வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். சின்ன வயதுப் பெண். நல்லவள்தான். பின்னறை காலியாகவே இருக்கிறது. நான் அதில் துணிகூடக் காயப்போடுவதில்லை.

குட்டி

ஜூலை 15

அன்புள்ள குட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் சுகம். நல்ல மழை. மாப்பிள்ளை புது மெஷின் வாங்கியிருக்கிறார், பழையதைவிடச் சத்தம் குறைவு என்கிறார்கள். வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா

ஆகஸ்ட் 2

அக்கா,

என்னைக் கைப்பிடித்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவள் நீ. முதல் நாள் நான் அழுதபோது, "பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு, நான் பார்த்துக்கிறேன்" என்றாய். நான் சொன்னேன், நீ பார்த்துக்கொண்டாய். இப்போது அந்த மரம் வேஷக்காரியைப் போல நிற்கிற உனக்கு யார் சொல்வார்கள் என்று கேட்டிருந்தாய். நான் சொல்கிறேன். இறங்கு.

வேலை இல்லை. வெளிச்சமும் குறைவு. இருந்தாலும் சொல்கிறேன்.

குட்டி

ஆகஸ்ட் 27

குட்டி,

சனிக்கிழமை வருகிறேன். என் மகள் என்னோடு பேசுவதில்லை. "எனக்காக இருக்க முடியலையா உனக்கு?" என்று கேட்டுவிட்டுக் கீழே போனவள்தான். அவள் கேட்டது நியாயம். அவளுக்காக இருந்தால் நாளாக நாளாக அவளையே எனக்குப் பிடிக்காமல் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? உனக்குத்தான் எழுத முடிகிறது.

நடந்தது இது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சம்பந்தியம்மா மறுபடி ஒரு கட்டோடு மாடி ஏறி வந்தார். இரண்டாம் பாகம். "இதுல மாடிவீட்டு டீச்சருக்குத்தான் பெரிய பங்கு. நேத்துதான் முடிச்சேன், படிங்க" என்று எதிரிலேயே, அடுக்கி வைத்திருந்த அச்சுக் காகிதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

படித்தேன். நகரத்தில் மாடிவீட்டு டீச்சருக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கிறது. ஊரே வாசலில் கூடி நிற்கிறது. அவள் பெட்டியைத் திறந்து, புடவைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்குகிறாள். எல்லாரும் அழுகிறார்கள்.

"வேலை விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊர்ல யாருக்குத் தெரியாது டீச்சர்? உங்க தங்கச்சி கடுதாசியைப் பார்த்துட்டு உங்க மக ராத்திரியில அழுதா, மகன் என்கிட்ட சொன்னான்."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேட்கல?"

"கேட்டா போறேன்னு சொல்லிடுவீங்களே."

கட்டில் நடுங்கியது. கீழே மெஷின் ஓடவில்லை, குட்டி. நடுங்கியது நான்தான்.

"சம்பந்தியம்மா, இது எனக்குப் பிடிக்கல. முதல் புத்தகமும் பிடிக்கல."

"தெரியும்."

"எப்படி?"

"ரெண்டாம் பக்கத்தைப் படிச்சேனே. படிச்சுட்டு ஒரு வாரம் சோறு இறங்கல. யாரும் எங்கும் போறதில்ல, கதை நின்ன இடத்துலயே நிக்குதுன்னு. எழுத்து அவ்வளவு அழகா இருந்துச்சு, அதான் இன்னும் வலிச்சுது."

"பக்கக் கணக்கு இடிச்சுதுன்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன். எனக்கு முதல் பக்கம்தான் வேணும் டீச்சர். இந்த வீட்ல இத்தனை வருஷம் எல்லாரும் எனக்கு ரெண்டாம் பக்கம்தான் கொடுத்திருக்காங்க. அவர் இருந்தவரைக்கும் அவர். அப்புறம் காகிதக் கம்பெனிக்காரன், கல்யாணப் பத்திரிகையில தப்பு கண்டுபிடிக்கிறவன், உங்க மக, எல்லாரும்."

பாவமாக இருந்தது. அந்த இரக்கத்திலேயே இன்னும் ஒரு வருஷம் உட்கார்ந்துவிடுவேன் என்று தெரிந்தது. வாய்வரை ஒரு பாராட்டு வந்தது, விழுங்கினேன்.

"நான் போறேன் சம்பந்தியம்மா. என் தங்கை வீட்டுக்கு."

"அங்க வேலைதான் போயிடுச்சே."

"ஆமா."

"வேலையும் இல்லாம எதுக்குப் போறீங்க?"

"போகணும்னு இருக்கு."

சம்பந்தியம்மா கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஓரங்களைத் தட்டித் தட்டிச் சமமாக்கினார், அச்சகத்துக்காரர்கள் செய்கிற மாதிரி. நான்கு பக்கமும் சமமான பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க போயிட்டா நான் கதையில இந்த டீச்சரை என்ன பண்றது?"

"போக விடுங்க. அப்பதான் கதை நகரும்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். முறைத்தாரா, யோசித்தாரா, தெரியவில்லை. எழுந்து வாசல்வரை போய் நின்றார். முதுகு தெரிந்தது.

"எந்த பஸ்?"

"சனிக்கிழமை காலை பஸ்."

"அதுல கூட்டம் நெரியும். உங்க முழங்காலுக்கு ஆகாது. டைம் கீப்பர்கிட்ட சொல்லி ஜன்னல் சீட்டு ஒண்ணு பிடிச்சு வைக்கச் சொல்றேன்."

"வேண்டாம்" என்றேன்.

நின்றுகொண்டே வருகிறேன், குட்டி.

அக்கா